பங்களாவுக்குப் பிடிக்காத டயர்

கந்தப்பனுக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, வண்டி பேசும். அன்றைக்குத் தோட்டத்திலிருந்து அட்டன் டவுன் வந்து சேருவதற்குள், அவன் கியர் போட்ட வேகத்தில் பக்கத்தில் இருந்த டாக்டரையாவின் மூக்குக்கண்ணாடி இரண்டு தடவை மடியில் விழுந்துவிட்டது. அவர் அதை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு, "குறை றோட்டிலயோ, உம்மிலயோ?" என்று கேட்டார். கந்தப்பன் அதற்கும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த கியரைப் போட்டான்.

டாக்டரையா என்று தோட்டமே கூப்பிட்டாலும் இராசரத்தினம் டாக்டர் இல்லை. டிஸ்பென்சரிக்குப் பொறுப்பான மருந்துக்காரர். யாழ்ப்பாணத்து ஆள். தை மாதம்தான் மாற்றலாகி, வட்டகொடைக்கு மேலே இருக்கும் மூங்கிலாத்துத் தோட்டத்துக்கு வந்திருந்தார். நல்ல மனுசன். நல்ல மனுசர்களுக்கு ஒரு தோட்டத்தின் அழுக்கு தெரிய ஆறு மாதமாவது வேண்டும். அவர் வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது.

அவர்கள் வந்தது டிஸ்பென்சரி வண்டிக்கு நாலு புது டயர் எடுக்க. வண்டி என்று பெயர்தான். தோட்டத்து மேனேஜரான தொரை ஏழு வருடம் ஓட்டி, நகம் மாதிரி கழித்துப் போட்ட டபுள்கெப். சில வருடங்களுக்கு முன் பங்களாவுக்கு அதே மாதிரியில் புதுசு வந்ததும், பழசின் முதுகில் ஒரு தகரக்கூட்டை வைத்து, உள்ளே ஒரு பலகைக் கட்டிலைப் போட்டு, கதவில் சிவப்புச் சிலுவை தீட்டி, அம்புலன்ஸ் என்று சொல்லிவிட்டார்கள். மூங்கிலாத்தில் எல்லாம் அப்படித்தான். கதிரை, மேசை, அலுமாரி, கம்பளி, எதுவாக இருந்தாலும் புதுசு முதலில் பங்களாவுக்குப் போகும். அங்கே தேய்ந்து, கிழிந்து, இனி ஆகாது என்று ஆன பிறகுதான் கணக்கு என்று சொல்லும் பிரிவுகளுக்கு இறங்கும்.

கடைசியாக இறங்கும் இடம் மேக்கணக்கு. தோட்டத்தின் மேல்பிரிவை அப்படித்தான் சொல்வார்கள். நூற்றுப்பத்துக் குடும்பம், ஆறு லயத்து வீட்டுவரிசை, ஒரு கோயில். தார் ரோட்டிலிருந்து இரண்டு மைல் செங்குத்தான மண் ரோடு. வெயிலில் புழுதி, மழையில் களி. அந்தக் களி காலில் ஒட்டினால் செருப்பு கழன்றுவிடும், களி கழலாது.

போன வருடம் வைகாசிக் கடைசி மழையில், அந்த ரோட்டின் கோணப்பாறை வளைவில், இதே வண்டி நாலு சக்கரமும் சுற்றச் சுற்ற மூன்று மணி நேரம் நின்றது. உள்ளே பிரசவ வலியில் நாகலெட்சுமி. வெளியே அவள் புருசன் மாயாண்டியும் லயத்து ஆம்பிளைகளும் கவ்வாத்து மலையில் வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி மிலாறைக் கட்டுக்கட்டாய்த் தூக்கி வந்து சக்கரத்தடியில் போட்டார்கள். மொட்டை டயர் மிலாறையும் சேர்த்து அரைத்ததே தவிர ஏறவில்லை. பிள்ளை அந்தத் தகரக்கூட்டுக்குள்ளேயே பிறந்து, அழாமலே போய்விட்டது.

மறுநாள் மேக்கணக்குப் பொம்பளைகள் ஒருத்தியும் கூடை தூக்கவில்லை. மாதர் சங்கத் தலைவி அழகம்மா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து, "டயரு வரட்டும், கொழுந்து வரும்" என்றாள். புது டயர் தருவதாக ஆபீஸ் வாக்குக் கொடுத்தது. வாக்கு கடுதாசியாக மாறிக் கந்தப்பன் கைக்கு வர ஒரு வருடம் பிடித்தது. நாகலெட்சுமிக்கு மறுபடியும் மாசம் ஏறியிருந்தது. ஆடியில் நாள். ஆடியில்தான் மழையும்.

ஆனாலும் கந்தப்பனுக்கு அன்று கோபம். சந்தோசமாகப் போகவேண்டிய பயணத்தில் கோபம். அவனுக்குத் தெரிந்த ஒரு விசயம் டாக்டரையாவுக்குத் தெரியாது.

டயர் கடை முதலாளி துஷாந்த் இரண்டு டயரை உருட்டி வந்து எதிரே நிறுத்தினான். ஒன்று, தாருக்கும் மண்ணுக்கும் பொதுவாய் ஓடுகிற ஓல் டெரேன். ரப்பர்க் கட்டைகள் நெருக்கமாக, பல்வரிசை மாதிரி. மற்றது சேற்று டயர். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மூன்று விரல் போகும். பார்க்கவே முரட்டுத்தனமாக இருந்தது.

"சேத்துல இது அரக்கன் சேர்" என்று முரட்டு டயரைத் தட்டினான் துஷாந்த். "களியை வாரி எறிஞ்சிட்டுப் போகும். ஆனா தார் ரோட்ல சத்தம் காதைப் பிளக்கும். மழையில தார் நனைஞ்சா வழுக்கும், பிரேக் புடிச்சாலும் தள்ளிக்கிட்டுப் போகும். ஓல் டெரேன் ரெண்டுக்கும் தாங்கும். நானா இருந்தா இதைத்தான் எடுப்பேன்."

இராசரத்தினம் தலையாட்டினார். "அதுதான் சரி. ஆஸ்பத்திரிக்குப் பதினொரு மைல் தார், ரெண்டு மைல்தான் சேறு. ஓல் டெரேனையே போடும்."

"சேத்து டயரு" என்றான் கந்தப்பன். கடைக்குள் வந்து அவன் பேசிய முதல் வார்த்தை.

"என்ன காணும், அந்தாள் இவ்வளவு விளங்கப்படுத்தினதுக்குப் பிறகும்..."

"சேத்து டயரே எடுங்க ஐயா."

"ஏன் எண்டு சொல்லும்."

கந்தப்பன் துஷாந்தைப் பார்த்தான். அவன் தலைக்கு மேலே சுவரில், தொரை இந்தக் கடை வாசலில் நின்று எடுத்த படம் சட்டம் போட்டுத் தொங்கியது. தொரை வண்டிக்கு டயர் போடுகிற கடை. இங்கே சொன்னால், அவர்கள் தோட்டம் போய்ச் சேருமுன் சொன்னது பங்களா போய்ச் சேர்ந்துவிடும்.

"எனக்கு அதுதாங்க புடிச்சிருக்கு" என்றான்.

இராசரத்தினத்துக்கும் சூடேறிவிட்டது. "இது உம்மட மோட்டச்சைக்கிளோ, பிடிச்சதைப் போட? பிள்ளைத்தாச்சிகளை ஏத்துற வாகனம். நனைஞ்ச தாரில வழுக்கி ஆரும் செத்தால் ஆர் பதில் சொல்லுறது? நீரோ?"

அந்தக் கேள்வி கந்தப்பனை எங்கே குத்தியது என்று அவருக்குத் தெரியாது. அவன் விறுவிறு என்று கடையை விட்டு இறங்கி, ரோட்டைத் தாண்டி, எதிரே இருந்த தேத்தண்ணிக் கடைக்குள் போனான். அவர் குடையை விரித்துக்கொண்டு பின்னாலேயே போனார். இருவரும் மூலை மேசையில் உட்கார்ந்தார்கள். தேத்தண்ணி வந்தது, ஒருவரும் தொடவில்லை.

"அந்த முதலாளிக்கு முன்னால சொல்ல ஏலாதுங்க" என்றான் கந்தப்பன். "போன வருசம் சித்திரையில வெளிநாட்டுக்காரங்க உதவின்னு இதே வண்டிக்கு நாலு புது டயரு வந்துச்சு. நீங்க சொல்ற அதே ஓல் டெரேன். தங்கமான டயரு. ஒம்பது நாளு ஓட்டுனேன். பத்தாம் நாளு, கொழும்புக்கு ஒரு பயணம், வந்ததும் குடுத்துர்றேன்னு பங்களாவுல கேட்டாங்க. ரெண்டு வண்டியும் ஒரே மாதிரிங்களா, டயரும் ஒரே அளவு. வேக்ஷொப்புல வச்சுக் கழட்டி தொரை வண்டிக்கு மாட்டிட்டோம். அவரோட மொட்டை டயரு நம்ம வண்டிக்கு. கொழும்புப் பயணம் முடிஞ்சு வருசம் ஒண்ணாச்சு."

இராசரத்தினத்தின் கை கோப்பைக்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. "அப்ப நாகலெட்சுமியின்ர பிள்ளை..."

"அந்த மொட்டை டயருலதாங்க. நம்ம டயரு அன்னைக்குப் பங்களா கராஜுல காஞ்சுக்கிட்டு இருந்துச்சு."

"நீர் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"சொல்லவா? கழட்டுனதே நான்தாங்க!" கந்தப்பன் இரண்டு கையையும் விரித்து மேசைமேல் வைத்தான். கறுத்துக் காய்த்த கைகள். "இந்தக் கைதான். கழட்டுடான்னாங்க, கழட்டுனேன். நம்ம தோட்டத்துல கொழுந்துச் சாக்கு, தராசு, மம்பட்டி எல்லாத்துலயும் கணக்கோட எழுத்தைப் போட்டுருவோம்ல, அடுத்த கணக்குக்காரன் தூக்கிறக் கூடாதுன்னு? அதே மாதிரி டயருலயும் வெள்ளைப் பெயின்ட்ல மே.க.ன்னு எழுதியிருந்தேன். அதைச் சுரண்டிட்டு மாட்டச் சொன்னாங்க. அதை மட்டும் நான் செய்யல. எழுத்து உள்பக்கம் போற மாதிரித் திருப்பி மாட்டிட்டேன். அவ்வளவுதாங்க நம்ம வீரம்."

"நான் தொரையோட கதைக்கிறன்."

"உங்களுக்கு முந்தி இருந்த டாக்டரும் கதைச்சாருங்க. அதனாலதான் இப்ப நீங்க இங்க இருக்கீங்க."

இராசரத்தினம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஓல் டெரேன்தான் நல்லதுன்னு எனக்குத் தெரியாதாங்க? இருவது வருசமா ஓட்டுறேன்" என்றான் கந்தப்பன். "ஆனா நல்லதை எடுத்தா அது நமக்கில்ல. சேத்து டயரை எடுத்தா, அந்த ஊளையைத் தொரைசானி தாங்க மாட்டாங்க. பங்களாவுக்குப் புடிக்காததை எடுத்தாத்தான் அது மேக்கணக்குல நிக்கும். தாருல நான் மெதுவா போயிக்கிறேன்."

இராசரத்தினம் ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தார். திரும்பிக் கடைக்குப் போய், சேற்று டயருக்குக் கையெழுத்துப் போட்டார். போட்ட வேகத்தில் கடுதாசி கிழிந்தது.

கந்தப்பன் கணக்கு தப்பவில்லை. டயர் போட்டு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே பங்களாவிலிருந்து ஆள் வந்தது. புது டயராமே, தொரை நல்லதண்ணி ஊர்ப் பக்கம் போகிறாராம், போட்டுக் கொண்டு வரட்டுமாம். கந்தப்பன் ஒரு சொல் பேசாமல், வியர்வை ஒழுக ஒழுகக் கழற்றி மாட்டிக் கொடுத்தான். தொரை வண்டி பங்களாக் கேட்டைத் தாண்டித் தார் ரோட்டில் ஏறியதும், ஆயிரம் வண்டு ஒன்றாய் ரீங்காரமிட்ட மாதிரி ஒரு சத்தம் கிளம்பியது. அரை மணி நேரத்தில் அதே சத்தம் திரும்பி வந்தது. தொரைசானி காதைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போனார். பின்னேரமே டயர்கள் டிஸ்பென்சரி வண்டிக்கு வந்துவிட்டன. அன்றைக்கு மட்டும் கந்தப்பன் சீட்டியடித்துக்கொண்டே வேலை செய்தான்.

ஆடி இரண்டாம் கிழமை, மூன்று நாளாய் விடாத மழை. மத்தியானம் ஒரு மணிக்கு மேக்கணக்கிலிருந்து ஆள் ஓடிவந்தான். நாகலெட்சுமிக்கு வலி கண்டுவிட்டது. பிள்ளை சரியான பக்கம் இல்லை என்று மருத்துவிச்சி சொல்லியனுப்பியிருந்தாள். கந்தப்பனும் இராசரத்தினமும் வண்டியில் பாய்ந்து ஏறினார்கள்.

மண் ரோடு ஓடையாக ஓடிக்கொண்டிருந்தது. சேற்று டயர் அதற்குள் இறங்கி, பல்லைப் பதித்து, களியை இரண்டு பக்கமும் வாரி எறிந்துகொண்டு ஏறியது. கோணப்பாறை வளைவில் லயத்து ஆம்பிளைகள் பழைய நினைப்பில் மிலாறுக் கட்டுகளோடு காத்து நின்றார்கள். வண்டி அவர்களை நிற்காமல் கடந்தது. திரும்பி இறங்கும்போதும் நிற்கவில்லை. உள்ளே நாகலெட்சுமியின் தலையை மடியில் வைத்திருந்த மாயாண்டி, வளைவு தாண்டியதும் ஓவென்று அழுதுவிட்டான்.

இரண்டு மைலும் கால் மணி நேரம். கந்தப்பனுக்கே நெஞ்சு நிறைந்தது. அந்த நிறைவு தார் ரோட்டு முதல் வளைவு வரைக்கும்தான்.

பிரேக்கை இலேசாகத் தொட்டான். வண்டி கேட்கவில்லை. எண்ணெய் தடவிய பலகையில் போவது மாதிரி விளிம்பை நோக்கித் தள்ளிக்கொண்டு போய், ஒரு முழம் மிச்சம் இருக்கையில் நின்றது. கீழே பள்ளத்தாக்கில் மேகம். துஷாந்த் சொன்னது அத்தனையும் உண்மை. கந்தப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாம் கியருக்கு இறங்கினான். பதினொரு மைல், எல்லாம் வளைவு. ஆள் நடக்கிற வேகம்.

"கொஞ்சம் கெதியாப் போகேலாதோ?" பின்னாலிருந்து இராசரத்தினம் கத்தினார்.

"ஏலாதுங்க! ஏலாது!" கந்தப்பன் கத்திய கத்தலில் கண்ணாடி அதிர்ந்தது.

அப்போதுதான் பின்னால் ஹோர்ன் அடித்தது. விட்டு விட்டு இல்லை, ஒரே அழுத்தாக. தொரையின் டபுள்கெப். கந்தப்பன் ஒதுங்க இடம் பார்ப்பதற்குள் அது வெட்டி முன்னேறியது. நனைந்த வளைவில் ஒரு குலுக்கல் இல்லை, ஒரு சத்தம் இல்லை. தாரைப் பிடித்துக்கொண்டு வழுக்காமல் பறந்தது. மேக்கணக்குக்கு வந்த டயர்கள். அவை தெறித்த தண்ணீர் கந்தப்பனின் முன்கண்ணாடி முழுவதையும் மூடியது. அந்த டயர் இந்த வண்டியில் இருந்தால் இவள் இந்நேரம் ஆஸ்பத்திரி வாசலில் இருப்பாள்.

கொட்டகலை ஆஸ்பத்திரிக்கு மூன்று மைல் இருக்கையில், "நிப்பாட்டும், இனித் தாங்காது" என்றார் இராசரத்தினம். ரோட்டோரத்தில், தகரத்தில் மழை விழுந்துகொண்டிருக்க, அவர் பிள்ளையின் காலைத்தான் முதலில் கண்டார். எவ்வளவு நேரம் போயிற்று என்று கந்தப்பனுக்குத் தெரியாது. கடைசியில் ஒரு பெண்பிள்ளை, நீலம் பாரித்து, அடி வாங்கி, கோபமாக அழுதது. நாகலெட்சுமிக்கு இரத்தம் நிற்கவில்லை. மிச்ச மூன்று மைலையும் கந்தப்பன் எப்படி ஓட்டினான் என்று பிறகு கேட்டவர்களுக்கு அவனால் சொல்ல முடியவில்லை. ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றினார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். இன்னும் பத்து நிமிசம் பிந்தியிருந்தால் தாய் இல்லை என்று அங்கே ஒரு டாக்டர் சொன்னார்.

அதற்கு மூன்றாம் நாள் மழை வெறித்திருந்தது. காலையில் மேக்கணக்குப் பெரட்டுக்குத் தொரையே வந்தார். ஆள் கணக்கெடுத்து வேலை பிரித்துக்கொடுக்கும் களத்தில் பொம்பளைகள் கூடையோடும், ஆம்பிளைகள் மம்பட்டியோடும் நின்றார்கள். மாயாண்டியும் நின்றான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நாகலெட்சுமியின் துணிமூட்டையை வாங்கக் கந்தப்பன் வந்திருந்தான், இராசரத்தினமும் கூட.

தொரை வண்டியை விட்டு இறங்கியதும் கண் கந்தப்பன்மேல்தான் விழுந்தது.

"ஏய் டிரைவர், இங்க வா. அன்னைக்கி ரோட்ல எருமை மாதிரி போறது யார், நீதானே? நான் ஹோர்ன் அடிக்கிறேன், நீ வழி விடல. இப்ப பிள்ளை ரோட்ல பொறந்திருக்கு. கொம்பனிக்கு வெக்கம்!" அவர் டிஸ்பென்சரி வண்டியின் சக்கரத்தைப் பூட்சால் ஒரு உதை விட்டார். "யார் இந்த டயர் எடுக்கச் சொன்னது? புது டயர் குடுத்தா, நல்லதாப் பாத்து எடுக்கத் தெரியாதா ஒனக்கு? ஒங்களுக்கெல்லாம் எது குடுத்தும் பிரயோசனம் இல்ல."

இருநூறு பேருக்கு முன்னால். இராசரத்தினம் ஒரு அடி முன்னால் வந்தார். கந்தப்பன் கையை நீட்டி அவரை மறித்தான். கோபம் வந்தால் பேசாத அந்த வாய், இருபது வருடத்தில் முதல் தடவையாகத் தொரை முன்னால் திறந்தது.

"தெரியும்ங்க தொரை. போன வருசம் நல்ல டயருதாங்க வந்துச்சு. அது இப்ப உங்க வண்டியில இருக்கு."

களத்தில் இருந்த அத்தனை தலையும் தொரை வண்டிப் பக்கம் திரும்பியது.

"என்ன பொய் பேசுறது நீ?"

"பொய்யில்லீங்க. குனிஞ்சு உள்பக்கம் பாருங்க. மே.க.ன்னு எழுதியிருக்கும். எழுதுனதும் நான்தான், கழட்டுனதும் நான்தான். அந்தப் புள்ள செத்ததுக்கும் நான் பாதிங்க. மீதியை நீங்க எடுத்துக்கோங்க."

தொரை குனியவில்லை. குனிந்தது அழகம்மா. கூடையைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, தொரை வண்டியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் முட்டி போட்டு, தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. ஆனால் தினமும் முதுகில் சுமக்கும் கொழுந்துச் சாக்கில் இருக்கும் அந்த இரண்டு எழுத்தும் தெரியும்.

"நம்ம எழுத்துதான்" என்றாள்.

அதன்பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். வந்து, குனிந்து, பார்த்து, தொரை முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கினார்கள். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடும் புத்தகத்தை மூடி அக்குளில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். கடைசியாக மாயாண்டி வந்தான். சேற்றில் உட்கார்ந்து, கையை உள்ளே விட்டு, அந்த எழுத்தை விரலால் தடவினான். தடவிக்கொண்டே இருந்தான்.

தொரை வண்டியில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினார். இன்ஜின் கிளம்பியது. ஆனால் வண்டியை எடுக்க வழியில்லை. மாயாண்டி சக்கரத்தடியில் இருந்து எழும்பவில்லை. அவனைச் சுற்றி மேக்கணக்கு முழுவதும் வந்து நின்றுகொண்டது.

கந்தப்பன் தன் வண்டிக்குப் போய், ஜெக்கையும் சக்கரம் கழற்றும் வீல்சாவியையும் எடுத்துக்கொண்டு வந்தான்.